கிழக்கு ஜெர்மனியின் கிளப்புகள் எங்கே போயின?

கேள்வி இது: ஜெர்மனி ஒன்றாகி 35 வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லிகாவின் 18 அணிகளில் பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியிலிருந்து இரண்டே இரண்டுதான். அங்கே கால்பந்து வளரவில்லையா, அல்லது கிளப் நடத்தத் தெரியவில்லையா?

ஆட்டம் நன்றாகவே தெரியும். கிளப் நடத்துவதில் தவறுகள் நடந்தன, அதற்கும் வருகிறேன். ஆனால் அந்தக் கிளப்புகள் மைதானத்தில் தோற்று அழியவில்லை. அவை எதன்மேல் நின்றனவோ, அந்த ஆலை, சம்பளம், ஊர் எல்லாம் சில வருடத்துக்குள் காலடியிலிருந்து உருவப்பட்டன. அந்த நேரத்தில் யார் எந்தப் படியில் நின்றார்களோ, அதே படியில் பின்னால் வந்த விதிகள் அவர்களை நிறுத்தி வைத்துவிட்டன.

லைப்சிக் நகரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக் கதையை அந்த ஊர் ஸ்டேடியம் ஒன்றிலேயே பார்த்துவிடலாம். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900 ஜனவரியில் பிறந்தது லைப்சிக்கில். 1903-ல் முதல் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கியது ஃபாவ்எஃப்பே லைப்சிக். கால்பந்து அங்கே வெளியிலிருந்து போய் ஒட்டிக்கொண்ட விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1987 ஏப்ரல் 22. லைப்சிக்கின் ட்சென்ட்ரால் ஸ்டேடியம். கப் வின்னர்ஸ் கப் என்ற ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதி, லோகோமோட்டிவ் லைப்சிக்குக்கும் பிரான்சின் போர்டோ அணிக்கும். கணக்கில் 73,000 பேர். அன்று அங்கே இருந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல் என்றுதான் இன்றும் சொல்வார்கள். லோக் முதல் ஆட்டத்தை அங்கே போய் 1-0 என்று ஜெயித்திருந்தது, இங்கே அதே கணக்கில் தோற்றது. பெனால்டிக்குப் போனது. ஒவ்வொருவராக அடித்து முடித்து, கடைசியில் பந்தை எடுத்து வைத்தவர் லோக்கின் கோல்கீப்பர் ரெனே முல்லர். அதுவரை தடுத்துக்கொண்டிருந்தவர் தானே நடந்து வந்து அடித்தார். உள்ளே போனது. லோக் இறுதிப் போட்டிக்குப் போனது. ஏதென்ஸில் நடந்த அந்த இறுதியில் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸிடம் 1-0 என்று தோற்றது. வேன் பாஸ்டன் அடித்த கோல்.

இது ஏதோ ஒரு வருட அதிர்ஷ்டம் இல்லை. 1974-ல் மாக்டெபர்க் ராட்டர்டாமில் ஏசி மிலானை 2-0 என்று வென்று இதே கோப்பையை வாங்கியது. கிட்டத்தட்ட எல்லா வீரர்களும் மாக்டெபர்க் சுற்றுவட்டாரத்துப் பையன்கள். கோப்பையோடு வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்த அந்தப் படம் இப்போதும் அந்த ஊர்க்காரர்களுக்குக் கண்ணில் நிற்கும். யேனா நகரத்தின் கார்ல் சைஸ் யேனா, 1980-ல் ரோமாவிடம் அவர்கள் ஊரில் 3-0 என்று தோற்றுவிட்டு, சொந்த ஊரில் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது. அந்த சீசனில் இறுதிவரை போனது. ஒரு கோடியே 60 இலட்சம் பேர் இருந்த ஒரு நாட்டின் கிளப்புகள், மூன்று முறை ஐரோப்பிய இறுதி ஆடியிருக்கின்றன.

சரி, இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைச் சொர்க்கமாகக் காட்டிவிடக் கூடாது. கிழக்கு ஜெர்மனியில் கிளப்புகளை ஆட்டிவைத்தது கட்சியும் அரசு அமைப்புகளும்தான். லவுட்டர் என்ற மலையடிவாரச் சிற்றூரின் அணியை 1954-ல் சீசன் நடுவிலேயே தூக்கி, நாட்டின் மறுகோடியில் கடலோரம் இருந்த ரோஸ்டாக்குக்கு அனுப்பினார்கள். இன்றைய ஹன்ஸா ரோஸ்டாக் அப்படிப் பிறந்தது. அதே வருடம் டிரெஸ்டன் டைனமோவின் வீரர்களைத் தலைநகருக்கு மாற்றினார்கள். உளவுத்துறை அமைச்சர் எரிக் மீல்கேயின் செல்லக் கிளப்பான பெர்லினின் பிஎஃப்சி டைனமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 பட்டம் வாங்கியது. நடுவர்கள் யார் பக்கம் என்பது நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். 1963-ல் லைப்சிக்கின் நல்ல வீரர்களையெல்லாம் ஒரு கிளப்பில் குவித்துவிட்டு, வேண்டாம் என்று கழித்தவர்களை ஹெமீ லைப்சிக்கில் விட்டார்கள். அந்தக் கழிக்கப்பட்டவர்கள் 1964-ல் லீக் சாம்பியன் ஆனார்கள். இந்த ஒரு கதைக்காகவே எனக்கு அந்தக் கிளப்பைப் பிடிக்கும்.

முக்கியமானது பண விஷயம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆலை பின்னால் இருந்தது. யேனாவுக்கு லென்ஸ் செய்யும் கார்ல் சைஸ். ட்விக்காவுக்கு டிரபான்ட் கார் செய்த ஸாக்ஸன்ரிங். அவுவேக்கு யுரேனியம் தோண்டிய விஸ்முட். பிராண்டன்பர்க்குக்கு எஃகு ஆலை. வீரர் காகிதத்தில் ஆலைத் தொழிலாளி. சம்பளம் அங்கிருந்து வரும், வீடு அங்கிருந்து வரும், மைதானத்துப் புல்லை வெட்டுகிற ஆளுக்கும் கூலி அங்கிருந்துதான். டிக்கெட், ஸ்பான்சர், டிவி உரிமை என்று கிளப் தானே சம்பாதிக்கவேண்டிய தேவை இருந்ததில்லை. அதனால் சம்பாதிக்கத் தெரிந்த ஆட்களும் கிளப்பில் இல்லை.

1989 நவம்பர் 9-ல் பெர்லின் சுவர் திறந்தது. ஆறு நாள் கழித்து வியன்னாவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். கிழக்கு ஜெர்மனி 3-0 என்று தோற்றது, மூன்றையும் அடித்தவர் டோனி போல்ஸ்டர். ஆனால் அன்றைய நிஜமான ஆட்டம் பெஞ்ச் பக்கம் நடந்தது. மேற்கு ஜெர்மனியின் பாயர் லெவர்குசன் கிளப்பின் மேலாளர் ரைனர் கால்முண்ட் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அவர் போட்டோகிராபர் பாஸோடு உள்ளே புகுந்து, பெஞ்ச் வரைக்கும் போய், வீரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரு மாதம் கடந்தபோது அந்த்ரெயாஸ் தோம் லெவர்குசனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்த கோடையில் உல்ஃப் கிர்ஸ்டன் அங்கேயே போனார், மத்தியாஸ் ஸாமர் ஸ்டுட்கார்ட்டுக்கு, தோமஸ் டோல் ஹாம்பர்குக்கு. இதே ஸாமர் 1996-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வானார். வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கதவு திறந்தால் யாரும் போவார்கள். ஆனால் ஒரு லீகின் முதுகெலும்பு ஒரே வருடத்தில் போனால் மிச்சம் என்ன நிற்கும்?

அப்புறம் 1990 ஜூலை 1. மேற்கின் மார்க் நாணயம் கிழக்குக்கும் வந்தது. சம்பளமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாறியது. கிழக்கு ஆலைகளின் சரக்கு ஒரே இரவில் விலை ஏறியது. வாங்கிக்கொண்டிருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடம் மார்க் இல்லை. உள்ளூர்க்காரர்களே மேற்குச் சரக்கைத்தான் வாங்கினார்கள். ஏறத்தாழ 40 இலட்சம் பேர் வேலை பார்த்த அரசு ஆலைகள் ட்ராய்ஹாண்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தன, விற்க அல்லது மூட. 1994 கடைசியில் அந்த அமைப்பே வேலை முடிந்து மூடப்பட்டபோது அந்த வேலைகளில் பெரும்பகுதி போயிருந்தது. ஆலை தள்ளாடும்போது முதலில் வெட்டுவது எதை? கால்பந்து அணியைத்தான். பிராண்டன்பர்க்கின் ஸ்டால் அணி 1986-ல் ஐரோப்பியக் கோப்பை ஆடியது. 1993 டிசம்பரில் அந்த ஊர் ஆலையின் கடைசி உலை அணைந்தது. இன்று அந்த உலை ஒரு மியூசியம்; அணி உள்ளூர் லீகுகளில் ஆடுகிறது.

இந்தக் குழப்பத்தின் உச்சத்தில், 1990-91 சீசனில், கிழக்குக் கிளப்புகளின் எதிர்காலம் ஒரே அட்டவணையால் முடிவானது. 14 அணிகள். முதல் இரண்டுக்குப் புண்டஸ்லிகா. ஆறு அணிகளுக்கு இரண்டாம் லீக். மற்றவர்கள் அதற்கும் கீழே, அமெச்சூர் லீகுக்கு. மேற்கில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் இடம் விட்டுக்கொடுக்கவில்லை. லீகைக் கொஞ்சம் பெரிதாக்கி இரண்டு பேரைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சீசனில் 10-வது இடத்தில் முடித்த மாக்டெபர்க், மிலானை வென்ற மாக்டெபர்க், கீழே விழுந்தது. மறுபடி தொழில்முறை லீகில் கால் வைக்க 2015 ஆனது. 24 வருடம். ஒரு தலைமுறையே அந்தக் கிளப்பை அமெச்சூர் அணியாகத்தான் பார்த்து வளர்ந்தது.

மேலே போன இரண்டும் என்ன ஆயின? ஹன்ஸா ரோஸ்டாக் 1991-ல் புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டத்தில் நியூரம்பர்கை 4-0 என்று அடித்தது, இரண்டாவதில் முனிச்சுக்கே போய் பாயர்னை 2-1 என்று வென்றது. அட்டவணையில் முதலிடம். ஆட்டம் தெரியுமா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் என் பதில். ஆனால் சீசன் நீளமானது, ஆள் பற்றாக்குறை தெரிய ஆரம்பித்தது. கடைசி நாளில் ரோஸ்டாக்கில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை 2-1 என்று வென்றார்கள். அந்தத் தோல்வியால் ஃபிராங்க்ஃபர்ட் சாம்பியன் பட்டத்தையே இழந்தது. வென்ற ஹன்ஸாவும் அன்றே இரண்டாம் லீகுக்கு இறங்கியது. லீகை மறுபடி 18-ஆகச் சுருக்க, அந்த வருடம் நான்கு அணிகளை இறக்கினார்கள்.

டிரெஸ்டன் டைனமோ நான்கு வருடம் தாக்குப்பிடித்தது. அங்கேதான் "கிளப் நடத்தத் தெரியவில்லை" என்ற பேச்சு வருகிறது. உண்மை, கணக்குவழக்கு மோசம். ஆனால் அதை நடத்தியது யார்? மேற்கிலிருந்து வந்த ஒரு கட்டுமான முதலாளி தலைவராக உட்கார்ந்தார். பிறகு பண மோசடிக்காக ஜெயிலுக்குப் போனார். 1995-ல் கிளப் கடைசி இடம், கூடவே லைசென்ஸும் போனது. நேராக மூன்றாம் லீக். ஒப்பந்தமும் சட்டமும் வரியும் புதிதாக இருந்த ஒரு பகுதிக்கு, எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை அந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். கால்பந்தில் மட்டும் நடந்ததில்லை இது. அதே சமயம் உள்ளூர்க்காரர்களின் தவறையும் மறைக்கவேண்டாம்: 1993-ல் பெர்லினின் யூனியன் இரண்டாம் லீகுக்குத் தகுதி பெற்றும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கொடுத்த வங்கி உத்தரவாதம் போலி.

ஆனால் 30 வருடத் தேக்கத்துக்கு நிர்வாகக் கோளாறு மட்டுமே காரணம் என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது. மேற்கிலும் கேவலமாக நிர்வகிக்கப்பட்ட கிளப்புகள் உண்டு. ஷால்கே கடனில் மூழ்கி இறங்கியது, ஹாம்பர்க் ஏழு வருடம் இரண்டாம் லீகில் கிடந்தது. அவர்களுக்கு விழுந்தால் தாங்கிக்கொள்ள ஊரில் நிறுவனங்கள் இருந்தன. கிழக்கில் அது இல்லை. ஜெர்மன் பங்குச் சந்தையின் டாக்ஸ் பட்டியலில் இருக்கும் 40 பெரிய நிறுவனங்களில், பெர்லினை விட்டுவிட்டால், ஒன்றின் தலைமையகம்கூடக் கிழக்கில் இல்லை. லெவர்குசனுக்கு பாயர் மருந்துக் கம்பெனி, வோல்ஃப்ஸ்பர்குக்கு ஃபோக்ஸ்வாகன். ரோஸ்டாக்குக்கு யார்? உள்ளூர் மதுபான ஆலையும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும் போர்டு வைத்தால் எத்தனை பணம் வரும்?

இதோடு டிவி பணம் பிரிக்கும் முறையைச் சேர்த்துப் பாருங்கள். புண்டஸ்லிகாவில் அதில் பெரிய பங்கு, கடந்த ஐந்து வருட முடிவுகளைக் கூட்டிப் போடும் வரிசைப்படி போகிறது. நேற்று வென்றவனுக்கு இன்று பணம், அந்தப் பணத்தில் நாளை வெற்றி. சாம்பியன்ஸ் லீக் ஆடினால் அதன்மேல் இன்னொரு மூட்டை. மூன்றாம் லீகில் டிவி பங்கு ஒரு கிளப்புக்கு ஒன்றிரண்டு மில்லியன் யூரோதான். செலவோ முழுநேரத் தொழில்முறை அணியின் செலவு. 2018-ல் எர்ஃபுர்ட்டும் கெம்னிட்ஸும் ஒரே வசந்தகாலத்தில் திவால் மனு கொடுத்தன. இரண்டும் 1991-ல் இரண்டாம் லீகுக்குத் தகுதி பெற்ற கிளப்புகள். பின்னாளில் ஜெர்மன் தேசிய அணியின் கேப்டனான மிஷாயேல் பாலாக் வளர்ந்தது கெம்னிட்ஸில்.

பாலாக்கைச் சொன்னதும் இன்னொன்று. வேலை தேடி மேற்கே போனவர்கள், அங்கிருந்து கிழக்கே வந்தவர்களைவிடப் பத்து இலட்சத்துக்கும் மேல் அதிகம். போனவர்களில் இளம் வயதினர் நிறைய. அவர்களுடைய பிள்ளைகள் மேற்கில் பிறந்து மேற்குக் கிளப்பில் ஆடினார்கள். மிச்சமிருந்த நல்ல பையன்களும் சீக்கிரமே போனார்கள். டோனி குரோஸ் ஹன்ஸாவின் இளையோர் அணியிலிருந்து 16 வயதில் பாயர்னுக்குப் போனார். 2014-ல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் அணியில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர் அவர் ஒருவர்தான். 2002 இறுதி ஆடிய அணியில் ஷ்னைடர், லிங்கே, யெரெமிஸ் என்று பலர் இருந்தார்கள். அவர்கள் கிழக்கு ஜெர்மனிக் காலத்து விளையாட்டுப் பள்ளிகளின் கடைசி அறுவடை.

இப்போது மறுபடி லைப்சிக். லோக், 1991-ல் பழைய ஃபாவ்எஃப்பே பெயரைச் சூட்டிக்கொண்டு, 1993-94-ல் ஒரே ஒரு சீசன் புண்டஸ்லிகா ஆடி, கடைசி இடத்தில் இறங்கி, பின்னர் திவாலாகி, 2004-ல் கலைந்தது. ரசிகர்கள் விடவில்லை. லோகோமோட்டிவ் என்ற பெயரில் புதிதாகப் பதிவுசெய்து, ஆகக் கீழே 11-வது அடுக்கில் தொடங்கினார்கள். 2004 அக்டோபரில் க்ரோஸ்டொய்பன் என்ற ஊரின் இரண்டாம் அணியோடு ஒரு ஆட்டம். வழக்கமாக அப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்க்க வீரர்களின் வீட்டாரும், நாயோடு நடைபோக வந்த ஒன்றிரண்டு பேரும் நிற்பார்கள். அன்று அதை ட்சென்ட்ரால் ஸ்டேடியத்தில் வைத்தார்கள். 12,421 பேர் வந்தார்கள், டிக்கெட் வாங்கி. ரெனே முல்லர் பெனால்டி அடித்த அதே இடம்; பழைய கிண்ணத்துக்குள்ளேயே 2006 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் புத்தம்புதிய நாற்காலிகள், நடுவில் 11-வது அடுக்கு ஆட்டம். அந்த உலகக் கோப்பைக்குப் பழைய கிழக்கு ஜெர்மனியில் இருந்த ஒரே மைதானம் அது. நிரந்தரமாக ஆட அதற்குத் தகுதியான அணிதான் ஊரில் இல்லை.

அந்த வெற்றிடத்தைத்தான் ஆஸ்திரியாவின் பானக் கம்பெனியான ரெட்புல் கண்டது. 2009-ல் பக்கத்து ஊரான மார்க்ரான்ஸ்டெட் கிளப்பின் ஐந்தாம் அடுக்கு இடத்தை வாங்கி, ஆர்பி லைப்சிக் தொடங்கியது. ஏழு வருடத்தில் புண்டஸ்லிகா. 2022, 2023 ஜெர்மன் கோப்பை இரண்டும் அவர்களுக்கே. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. மற்றக் கிளப்புகளில் பல்லாயிரம் பேர் வாக்களிக்கும்போது இங்கே வாக்குள்ள உறுப்பினர்கள் ஒரு சிறு கூட்டம்தான். லைப்சிக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல கால்பந்தை ஊரிலேயே பார்க்க அவர்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். ஆனால் "கிழக்கு எழுந்துவிட்டது" என்று இதைக் காட்டுவது தவறு. பணமும் முடிவும் ஆஸ்திரியாவிலிருந்து வருகின்றன.

யூனியன் பெர்லின் வேறு மாதிரி. 2004-ல் லைசென்ஸுக்குப் பணம் இல்லாதபோது ரசிகர்கள் இரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008-ல் ஸ்டேடியம் இடிகிற நிலைக்கு வந்தபோது 2,000 பேருக்கு மேல் லீவு போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தாங்களே நின்று கட்டினார்கள். 2019-ல் புண்டஸ்லிகா, 2023-ல் சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டோடு ஆட்டம். மனம் நிறைகிறது. ஆனால் இதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நீட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: யூனியன் இருப்பது தலைநகரில். ஆட்களும் கம்பெனிகளும் வந்து குவிகிற ஊர். அதே பக்தி டிரெஸ்டனிலும் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், யாரும் உள்ளே போக முடியாத ஒரு கோப்பை ஆட்டத்துக்கு டைனமோ ரசிகர்கள் 72,000-க்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். ஸ்டேடியத்தில் கொள்வதே 32,000 பேர். பக்திக்குக் குறைவே இல்லை. அதைப் பெரும்பணமாக மாற்றும் பொருளாதாரம்தான் சுற்றிலும் இல்லை. சிற்றூரான அவுவே பல வருடம் இரண்டாம் லீகில் நின்றதற்கும் உள்ளூரிலேயே தங்கிய சில தொழில்முனைவோர்தான் காரணம்.

கடைசியாக, இன்றும் நடக்கிற ஒரு அநியாயம். நான்காம் அடுக்கில் ஐந்து பிராந்திய லீகுகள், மூன்றாம் லீகுக்கு ஏறுவதற்கோ நான்கே இடம். மேற்கு, தென்மேற்கு சாம்பியன்களுக்கு எப்போதும் நேரடி இடம். வடக்கு, பவேரியா, வடகிழக்கு ஆகிய மூன்றும் முறைவைத்துக்கொள்ளவேண்டும்; ஒருவர் நேரடியாக ஏறுவார், மற்ற இருவர் தங்களுக்குள் மோதவேண்டும். பழைய கிழக்குக் கிளப்புகளில் பல இந்த வடகிழக்கு லீகில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன: யேனா, எர்ஃபுர்ட், ஹாலே, கெம்னிட்ஸ், ட்விக்காவ், பிஎஃப்சி, ஹெமீ, லோக். 2023-ல் கோட்புஸ் சாம்பியனாகியும் இந்த மோதலில் தோற்று ஏறமுடியவில்லை. 2025-ல் லோக் சாம்பியன். 11-வது அடுக்கிலிருந்து ஏறி வந்தவர்கள், மூன்றாம் லீகின் வாசலில் நின்றார்கள். ஹானோவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹவெல்ஸே அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தோற்றார்கள். 34 ஆட்டத்தில் சம்பாதித்த முதலிடத்துக்கு ஒரு பயனும் இல்லாமல் மறுபடி அதே லீக்.

சாம்பியன் என்றால் ஏறவேண்டும் என்று கேட்டு வடகிழக்குக் கிளப்புகள் அந்த வருடத் தொடக்கத்தில் கூட்டாக இயக்கம் ஆரம்பித்தன. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒருவரை ஒருவர் வசைபாடும் ரசிகர்கள், லோக்கும் ஹெமீயும் உட்பட, இந்த ஒரு கோரிக்கையில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.